இரண்டு பெயர் போட்ட பாடம்

ஜூன் 3

அன்புள்ள குழுவினர் மூவருக்கும்,

வணக்கம். நம் நான்கு பேரையும் ஒரே குழுவில் போட்டிருக்கிறார்கள். முதல் வேலையாகக் குழுவின் இணையப் பக்கத்தில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி அறிமுகம் செய்துகொள்ள வேண்டுமாம். "வீட்டுல தனியா உக்காந்து படிக்கிறவங்கதான் பாதியில விட்டுட்டுப் போறாங்க. சேர்ந்து படிங்க, கடைசி வரைக்கும் வந்துருவீங்க" என்று முதல் வகுப்பில் மேடம் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் யாருமே கேமராவைப் போடவில்லை. அவர் கறுப்புக் கட்டங்களைப் பார்த்தே ஒரு மணி நேரம் சிரித்த முகமாகப் பேசினார். பாவமாக இருந்தது. நானும் போடவில்லை, தலை வாராமல் உட்கார்ந்திருந்தேன்.

என்னைப் பற்றி: மருந்துக்கடைக் கவுன்ட்டரில் பதினாறு வருஷமாக நிற்கிறேன். எங்கள் ஊர்க் கண் மருத்துவமனைக்கு நேர் எதிரே கடை. இனிமேல் சான்றிதழ் இல்லாதவர் கையால் மருந்து கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. முதலாளி வருஷக் கடைசி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இன்ஸ்பெக்டர் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் இந்த மருந்துக்கடை உதவியாளர் படிப்பில் சேர்ந்தேன்.

வீட்டில் கணவர் இருக்கிறார், பஸ் டிப்போவில் மெக்கானிக். மகள் பத்தாவது படிக்கிறாள். ஆன்லைன் சமாச்சாரமெல்லாம் அவள்தான் சொல்லித் தருகிறாள். டீச்சரைவிட அதிகமாக அதட்டுகிறாள்.

நான் பரீட்சை எழுதி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தப்புத் தப்பாகக் கேட்டால் சிரிக்காதீர்கள். உங்களைப் பற்றியும் எழுதுங்கள்.

அன்புடன்,
மருந்துக்கடைக்காரி
(முதலாளி இல்லை, வேலை பார்ப்பவள்)


ஜூன் 7

மதிப்பிற்குரிய மருந்துக்கடை அக்காவுக்கு,

வணக்கம். அக்கா என்று கூப்பிடலாம்தானே? எனக்கு இருபத்தேழு வயது.

நம் குழுவில் மற்ற இருவரையும் பார்த்தீர்களா? ஒருவர் உங்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் படம் ஒன்று போட்டிருக்கிறார். இன்னொருவர் "பயணத்தில் இருக்கிறேன், வந்து எழுதுகிறேன்" என்று எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ அவர் இந்த ஜென்மத்தில் திரும்பி வருவார் என்று தோன்றவில்லை. ஆக, கட்டைவிரலார், ஊர்சுற்றியார், நீங்கள், நான்.

நான் ஒரு பார்சல் கிடங்கில் இருக்கிறேன். வருகிற பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுவது வேலை. எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. மருந்துக்கடையில் நின்றால் கொடுக்கிற பொருள் என்ன, யாருக்கு, எதற்கு என்று தெரிந்து கொடுக்கலாம் இல்லையா? அந்த ஆசையில்தான் சேர்ந்தேன். நான் தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அப்பா அம்மா இல்லை. அண்ணன் இருக்கிறான், கல்யாணப் பத்திரிகை வந்தால் மட்டும் பேசுவான்.

நானும் கேமரா போடவில்லை. எனக்குப் பின்னால் கொடியில் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

அன்புடன்,
பார்சல் தம்பி


ஜூன் 21

அன்புத் தம்பிக்கு,

மார்க்கைப் பார்த்தாயா? (இனிமேல் 'நீ'தான். இவ்வளவு சிரித்த பிறகு 'நீங்கள்' வாயில் வரமாட்டேன் என்கிறது.) முதல் பாடத்துக்கு நாம் நடித்துப் பதிவு செய்த போன் உரையாடலுக்கு வகுப்பிலேயே முதல் இடம்! மேடம் அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டி, "பாருங்க, முகம் பார்க்காத ரெண்டு பேர் எவ்வளவு அழகா சேர்ந்து செஞ்சிருக்காங்க" என்றார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அம்மா, நீயா இது?" என்றாள்.

எல்லாம் உன்னால்தான். நீ மருந்து கேட்கிற பெரியவர் குரலில், "மஞ்சக் கலர் மாத்திரை குடும்மா, வட்டமா இருக்கும்" என்று ஆரம்பித்தாய். நான், "பேரு சொல்லுங்கய்யா" என்றேன். "என் பேரா, மாத்திரை பேரா?" என்றாய். அங்கேயே எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் நீ புதிதாக ஏதாவது சொல்லி என்னைக் கவிழ்த்துவிட்டாய்.

கவுன்ட்டரில் நின்று எத்தனையோ பேரிடம் பேசுகிறேன். ஆனால் நான் பேசுவதை ஒருவர் கேட்டு, "அக்கா, இதை இப்படிச் சொன்னா இன்னும் நல்லாருக்கும்" என்று சொன்னது இதுதான் முதல் தடவை. பாடத்தை எழுத்தில் கொண்டுவருவது எனக்குக் கஷ்டம். உனக்கு அது சுலபமாக வருகிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்தால் கரை ஏறிவிடலாம் என்று நம்பிக்கை வந்துவிட்டது.

கட்டைவிரலாருக்கும் ஊர்சுற்றியாருக்கும் சுழியம் போட்டு, குழுவைவிட்டு எடுத்துவிட்டார்கள். இனி நாம் இருவர்தான்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அன்றைக்கு நீங்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான், சத்தம் போட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

கிடங்கில் புதிதாக ஒரு மெஷினைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். பெட்டியைப் படம் பிடித்து, ஊரைப் படித்து, தானே தள்ளிவிடுகிறது. எங்கள் மேஸ்திரி, "பயப்படாதீங்கடா, அதைத் துடைக்கவாவது ஆள் வேணும்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம். மெஷின் பத்து பேர் வேலையைச் செய்கிறது. துடைக்க ஒருத்தன் போதும்.

அடுத்த பாடம் இன்ஹேலர் பற்றிய விளக்கத் தாள்தானே? படம் வரைவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 23

அன்புத் தம்பிக்கு,

எங்கே போய்விட்டாய்? இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. கிடங்கில் வேலை ஜாஸ்தி என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வரி எழுதக்கூடவா நேரமில்லை?

இன்ஹேலர் தாளுக்கு நேற்றுதான் கடைசி நாள். உன் படம் வரும் வரும் என்று காத்திருந்து, கடைசியில் மகளை வரையச் சொன்னேன். அவள் வரைந்த ஆள் இன்ஹேலரை வாயில் வைத்திருக்கிறானா, விசில் ஊதுகிறானா என்று தெரியவில்லை. எழுத்தெல்லாம் நானே தட்டுத்தடுமாறி எழுதினேன். கீழே உன் பெயரையும் சேர்த்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சுமாரான மார்க்தான் வரும். பரவாயில்லை, அடுத்ததில் பிடித்துவிடலாம்.

கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான். உடம்பு சரியில்லையா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அக்கா


ஜூலை 31

அக்காவுக்கு,

மன்னித்துவிடுங்கள். வேலை அதிகம். அடுத்த பாடத்தைக் கண்டிப்பாகச் செய்துவிடுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 26

அன்புத் தம்பிக்கு,

போன தடவை நீ எழுதியதை எண்ணினால் பத்து வார்த்தை தேறாது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

மூன்றாவது பாடமும் முடிந்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து கேட்டு வரும் அம்மாவுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதுதான் பாடம். கடையில் வருகிற கூட்டத்துக்கு நடுவில், பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் எழுதினேன். முதலாளி, "என்னம்மா, வேலை நேரத்துல போனு?" என்றார். படிப்புக்கு என்று சொன்னதும் போய்விட்டார். இதிலும் உன் பெயரைப் போட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இது பொறுக்கவில்லை. "நாலு பேர் வண்டின்னு சொன்னே. இப்ப இழுக்கிறது நீ ஒருத்தி. பின்னால தம்பி காலை நீட்டித் தூங்குறாரா?" என்கிறார். நான் சண்டை போட்டேன். அவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை என்று சொன்னேன்.

மனது கேட்காமல் மேடத்துக்கும் போன் செய்தேன். உன்மேல் புகார் சொல்லவில்லை, எப்படி இருக்கிறாய் என்று தெரியுமா என்றுதான் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "நானும் எழுதிப் பார்த்துட்டேன். இப்ப நீங்க விட்டுட்டா அவர் போயிடுவாரு. எப்படியாவது கூட இழுத்துக்கிட்டு வாங்க. அதுக்குத்தான் குழுவே போட்டிருக்கோம்" என்றார். இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீயும் ஒரு அடி எடுத்து வை.

அக்கா


செப்டம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

இது முக்கியமான கடிதம், உடனே படி.

கூட்டாளியைப் பற்றி ஆளுக்கொரு அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்ன செய்தார், எவ்வளவு செய்தார் என்று தனித்தனியாக எழுதி அனுப்ப வேண்டும். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. கூட்டு வேலைக்கான மொத்த மார்க்கும் அதை வைத்துத்தான். பொய்யாக எழுதினால் சேர்க்கை ரத்து என்று கீழே சிவப்பு எழுத்தில் இருக்கிறது.

நான் நேற்று எழுதி அனுப்பிவிட்டேன். எல்லாப் பாடத்தையும் சரிபாதியாகச் செய்தோம் என்று எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் அந்தச் சிவப்பு எழுத்தை இன்னொரு தடவை படித்தேன். ஆனால் உண்மையை எழுதினால் நீ அத்தோடு போய்விடுவாய். முதல் பாடத்தில் நீ இல்லாவிட்டால் நான் அப்போதே விட்டுவிட்டு ஓடியிருப்பேன். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நீயும் அப்படியே எழுது. சரிபாதி. வேறு எதையும் எழுதாதே. எழுதுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போட்டால் இன்னும் நல்லது.

அக்கா


செப்டம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இன்னும் உங்கள் கடிதங்களைத் திறக்கவில்லை. வரிசையாக வந்து கிடக்கின்றன. நியாயமாகவே திட்டியிருப்பீர்கள். முதலில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அப்புறம் திறக்கிறேன். திறந்துவிட்டால் எழுதத் தைரியம் வராது.

எனக்கு வேலை போய்விட்டது அக்கா. ஜூலை முதல் வாரமே போய்விட்டது. மெஷினைத் துடைக்க மேஸ்திரியின் மச்சானை வைத்துக்கொண்டார்கள். உங்களுக்கு வேலை அதிகம் என்று எழுதினேனே, அது பொய். எனக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது. அதுதான் வெட்கமாக இருந்தது.

காலையில் எழுந்து படுக்கையிலேயே உட்கார்ந்திருப்பேன். இன்றைக்குப் படம் வரைந்துவிட வேண்டும் என்று நினைப்பேன். பென்சில் எதிரிலேயே இருக்கும். கை போகாது. சோம்பேறித்தனம் இல்லை அக்கா, சத்தியமாக. என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கடையில் நின்றபடி நீங்கள் ஒருவரே எழுதுவீர்கள் என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை அணைத்துவிட்டேன். வாடகை கேட்டு வீட்டுச் சொந்தக்காரர் வந்து கதவைத் தட்டினால்கூட இல்லாத மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த அறிக்கையை எழுதச் சொல்லி வந்திருந்ததை இரண்டு நாளைக்கு முன்தான் பார்த்தேன். அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. உங்களுக்காக இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்யலாம் என்று தோன்றியது. உட்கார்ந்து முழுசாக எழுதினேன். இரண்டாம் பாடமும் மூன்றாம் பாடமும் முழுக்க முழுக்க அக்கா செய்தது, நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை, என் பங்கு மார்க்கையும் அவருக்கே கொடுங்கள் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பியதும் குளித்துவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். அவ்வளவு நாள் கழித்து அன்றைக்குத்தான் வெயிலைப் பார்த்தேன்.

நான் தேறமாட்டேன், அது போகட்டும். நீங்கள் சான்றிதழ் வாங்கிக் கவுன்ட்டரில் நில்லுங்கள். எனக்கு அது போதும்.

இப்போது உங்கள் கடிதங்களைத் திறக்கிறேன்.

தம்பி

பின்குறிப்பு: படித்தேன். அக்கா, நான் என்ன காரியம் செய்துவிட்டேன். அணைத்து வைத்த போனை மறுபடி ஆன் செய்துவிட்டேன். தயவுசெய்து கூப்பிடுங்கள்.


செப்டம்பர் 29

தம்பிக்கு,

உடனே எழுத முடியவில்லை. எழுதினால் கடுமையாக எழுதிவிடுவேனோ என்று தள்ளிப் போட்டேன்.

போன வாரம் மேடம் கூப்பிட்டார். "அவர் ஒண்ணுமே செய்யலைன்னு அவரே எழுதியிருக்காரு. நீங்க சரிபாதின்னு எழுதியிருக்கீங்க. எதும்மா உண்மை?" என்று கேட்டார்.

"அவர் எழுதினதுதான் மேடம்."

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"நீங்கதானே விட்டுடாதீங்கன்னு சொன்னீங்க?"

"நான் சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். ஆனா ரெண்டு அறிக்கையும் முரண்பட்டா அது தானாவே கமிட்டிக்குப் போயிடும். என் கையில இல்லம்மா" என்றார். நான்தான் அவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு வைத்தேன்.

நேற்று முடிவு வந்தது. இரண்டு பேர் சேர்க்கையும் ரத்து. பாடம் செய்யாததற்காக உனக்கு, பொய் சொன்னதற்காக எனக்கு. இரண்டு வருஷத்துக்கு மறுபடி சேர முடியாது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அண்ணன் மகள் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியவள், திங்கள்கிழமையிலிருந்து கவுன்ட்டருக்கு அவள் வருகிறாள். "உன்னை அனுப்ப மனசில்லம்மா. பின்னால சரக்கு அறையில பெட்டி பிரிச்சு அடுக்குற வேலை இருக்கு, இஷ்டம்னா பாரு" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

வீட்டுக்காரர் என் பாட நோட்டுகளை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நீ உண்மையைச் சொன்னதற்காக உன்மேல் கோபம் இல்லை. உண்மையைச் சொன்ன ஒருவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? வேலை போனதை மறைத்ததற்கும் கோபம் இல்லை. அந்த நிலைமை எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் கொஞ்சம் தெரிகிறது. ஆனால் நான் எழுதிய கடிதங்கள் உன் கையிலேயே இருந்தன. ஒன்றைத் திறந்திருந்தால் போதும். திட்டுவேன் என்று பயந்தாயாம். நான் திட்டுகிறவளா, இல்லையா என்றுகூட உனக்குத் தெரியவில்லையே தம்பி. அப்படியானால் நாம் இத்தனை நாள் யாருக்கு எழுதிக்கொண்டிருந்தோம்?

நன்றாக இரு. ஏதாவது ஒரு வேலையைத் தேடிக்கொள். ஒரு டாக்டரைப் போய்ப் பார், நீ சொன்னது சோம்பேறித்தனம் இல்லை, அதற்கு மருந்து இருக்கிறது. என்னைக் கூப்பிடாதே. என்னால் இனி எழுத முடியாது.

அக்கா


அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பு முழுவதும் என்னுடையது, அக்காவைத் தண்டிக்க வேண்டாம் என்று கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன். மேடமும் உங்களுக்காக எழுதுவதாகச் சொன்னார். பதில் வந்ததும் உங்களுக்குத் தெரிவிக்கிறேன். அதுவரை ஒரே ஒரு தடவை போனை எடுங்கள். நான் பேச மாட்டேன், நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

தம்பி


அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கமிட்டியிலிருந்து பதில் வந்தது. முடிவு இறுதியானதாம். ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள்.

இதை நேரில் சொல்லலாம் என்று நேற்று பஸ் ஏறி உங்கள் ஊருக்கு வந்தேன். கண் மருத்துவமனை எங்கே என்று கேட்டு, எதிரே கடையைக் கண்டுபிடித்தேன். கண்ணில் கட்டுப் போட்டவர்கள் வரிசையாகப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். அவளிடம் என்ன சொல்லி உங்களைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. எனக்கு உங்கள் பெயர் தெரியும், ஆனால் யார் வந்திருக்கிறார் என்று அவள் கேட்டால் நான் யாரென்று சொல்வது? தலைவலி மாத்திரை ஒன்று கேட்டேன்.

அவள் எடுக்கத் திரும்பியபோது உள்ளே பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் உங்கள் குரல். "அம்மாடி, அந்த அட்டையில தேதியைப் பாத்துட்டுக் குடு." அவ்வளவுதான் சொன்னீர்கள். போனில் கேட்ட அதே குரல், ஆனால் களைத்திருந்தது. ஒரு திரைதான் நடுவில். இரண்டு எட்டு வைத்தால் வந்துவிடலாம். நீங்கள் கூப்பிடாதே, எழுத முடியாது என்று சொல்லியிருக்கிறீர்கள். அதையாவது கேட்க வேண்டும் என்று அங்கேயே நின்றேன்.

"வேற ஏதாவது வேணுமாண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

டாக்டரை இன்னும் பார்க்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நாளையோடு இந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள். நீங்கள் இங்கே வருகிறீர்களா, இதைப் பார்ப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. பதில் வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பெட்டி இழுக்கிற சத்தம் எனக்கு ஐந்து வருஷப் பழக்கம்; அதிலேயே தெரிந்தது, நீங்கள் குனிந்தபடி முதுகுப் பலத்தில் இழுக்கிறீர்கள். அப்படிச் செய்தால் ஆறு மாதத்தில் இடுப்பு போய்விடும் அக்கா. பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி நின்று, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மார்போடு அணைத்துத் தூக்குங்கள். அவசரப்படாதீர்கள். கனமாக இருந்தால் பாதியைப் பிரித்து எடுத்து வையுங்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

தம்பி